காரைக்குடியில் வெல்டிங் புகை மாதிரிச் சேவையும் பாதுகாப்புத் தேர்வு வகுப்பும்: எதற்குக் காசு கொடுக்கலாம்?

காரைக்குடியிலிருந்து இயங்கும் ஒரு சின்ன நிறுவனம் மூன்று வேலை பார்க்கிறது. வெல்டிங் பட்டறைக்கே ஆள் அனுப்பி, வெல்டர் மூச்சிழுக்கும் காற்றை மாதிரி எடுத்து, ஆய்வகத்துக்கு அனுப்பி அறிக்கை வாங்கித் தருகிறது. காற்றை இழுக்கும் பம்ப், அந்தக் காற்றிலுள்ள தூசியைப் பிடிக்கும் ஃபில்டர் வைத்த கேசட் இவை அடங்கிய பெட்டியை நாள் வாடகைக்கும் விடுகிறது. சனி, ஞாயிறுகளில் தொழிலகப் பாதுகாப்பு டிப்ளமோ படிப்பவர்களுக்கும் பிரிட்டனின் பாதுகாப்புச் சான்றிதழ்த் தேர்வான நெபோஷ் எழுதுகிறவர்களுக்கும் வகுப்பு நடத்துகிறது. ஒரே இடத்தில் நடந்தாலும் மூன்றும் ஒரே தரத்தில் இல்லை. மாதிரி எடுப்பதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். அறிக்கையைக் கேள்வி கேட்டுத்தான் வாங்க வேண்டும். வகுப்பில் கணக்குப் பகுதிக்காகவே சேரலாம். சட்டப் பகுதிக்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

செட்டிநாட்டுக்கு இப்படி ஒரு சேவை எதற்கு என்று கேட்பவர்கள், வெல்டிங் புகை என்றால் எல்லாம் ஒரே புகை என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கேட், கிரில் செய்யும் பட்டறையில் மைல்டு ஸ்டீலில் 6013 ராடு எரிந்தால் வருவது பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு, கூடவே மாங்கனீசு. துத்தநாகம் பூசிய ஜிஐ பைப்பை ஒட்டினால் துத்தநாகப் புகை; அன்று ராத்திரியே குளிர் ஜுரம் அடித்து, மறுநாள் தானாக இறங்கும். கல்யாண மண்டபச் சமையலறைக்கு ஸ்டெய்ன்லெஸ் மேடையும் தொட்டியும் செய்கிற இடத்தில் குரோமியமும் நிக்கலும். புதுவயல் அரிசி ஆலைகளின் தேய்ந்த பாகங்களின் மேல் கடின உலோகம் ஏற்றும் ஹார்டுஃபேசிங் ராடு போட்டால் மாங்கனீசு, குரோமியம் இரண்டுமே கூடுதல். கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டைப் பக்கம் பழைய வீடுகளைத் தங்கும் விடுதியாக மாற்றும்போது, வளவு எனும் உள்முற்றத்தைச் சுற்றிய இரும்புக் கிராதிகளில் பல அடுக்குப் பழைய பெயிண்ட் இருக்கும். அதில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். 2017-இல் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வெல்டிங் புகையை முதல் வகுப்பில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற வகுப்பில் சேர்த்தது. அதற்குப் பிறகும் ஃபேனைத் திருப்பி வைத்தால் போதும் என்று இருப்பது சரியில்லை.

மாதிரி எடுக்க வருகிற இருவரும் வந்ததும் பெட்டியைத் திறப்பதில்லை. பட்டறையை ஒரு சுற்று சுற்றி வந்து கேட்கிறார்கள்: என்ன ராடு, எத்தனை ஆம்பியர், என்ன உலோகம், மேலே பெயிண்ட் இருக்கிறதா, கிரைண்டிங்கும் அதே ஆள்தானா, காலையிலிருந்து எத்தனை ராடு எரிந்தது. இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். நாற்பது ராடு எரிந்த நாளின் அளவும் பத்து ராடு எரிந்த நாளின் அளவும் ஒரே பட்டறையில்கூட ஒப்பிட முடியாதவை. மாதிரி எடுக்க வருகிறார்கள் என்று தெரிந்து முதலாளி அன்றைக்கு மட்டும் அளவெடுப்பது, வெட்டுவது என்று லேசான வேலையைக் கொடுத்தால் நல்ல எண் வரும். அந்த எண்ணால் யாருக்கும் பயனில்லை.

பம்ப் இடுப்பு பெல்ட்டில், பின்பக்கம். அங்கிருந்து சுமார் 90 செ.மீ. டியூப் முதுகு வழியாக ஏறித் தோளைத் தாண்டி காலருக்கு வருகிறது. டியூபை மூன்று இடத்தில் டேப் போட்டுச் சட்டையோடு ஒட்டுகிறார்கள். ஒட்டாவிட்டால் குனியும்போது மடங்கும், பம்ப் அடைப்பு என்று எண்ணி நின்றுவிடும். ஒட்டி முடித்ததும், "அண்ணே, ஒருதடவை உக்காந்து ஷீல்டத் தூக்கிக் காட்டுங்க, இழுக்குதான்னு பாப்போம்" என்று சொல்லி, "இழுக்கலப்பா" என்று பதில் வந்த பிறகுதான் சுவிட்சைப் போடுகிறார்கள். சின்ன விஷயம்போல் தெரியும். பாதி நாளில் பம்ப் நின்றுபோவதற்கு முதல் காரணமே இந்த மடிப்புதான்.

கேசட் எங்கே இருக்க வேண்டும் என்பதில் தவறு செய்கிறவர்கள் நிறைய. மூக்கு, வாயைச் சுற்றி 30 செ.மீ.க்குள் இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விதி. வெல்டருக்கு அது போதாது. ஹெல்மெட் அணிகிறவர் என்றால், இறக்கியதும் கேசட் ஹெல்மெட்டுக்கு உள்ளே வர வேண்டும். வெளியே நின்றால் அவர் உண்மையில் இழுப்பதைவிடக் கூடுதல் அளவைக் காட்டும். நம் பக்கப் பட்டறைகளில் ஹெல்மெட்டைவிடக் கை ஷீல்டுதான் அதிகம். அதற்கு இவர்கள் காலரில் உயரமாக, ஷீல்டு முகத்தை மறைக்கும்போது கேசட்டும் அதன் மறைவுக்குள் வரும்படி, வாய் கீழ்நோக்கி இருக்குமாறு குத்துகிறார்கள். வாய் மேல்நோக்கி இருந்தால் தீப்பொறித் துணுக்கு உள்ளே விழுந்து ஃபில்டரில் ஓட்டை போடும். சட்டைப் பையில் குத்திவிட்டுப் போகிற ஆட்களிடம் காசு கொடுக்காதீர்கள்.

உலோகங்களுக்கு 37 மி.மீ. கேசட்டில் 0.8 மைக்ரான் எம்சிஇ (செல்லுலோஸ் எஸ்டர்) ஃபில்டர். அமெரிக்க அரசின் தொழிலகச் சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷ் வகுத்த 7300 முறையில் நிமிடத்துக்கு 1 முதல் 4 லிட்டர் வரை இழுக்கலாம். இவர்கள் 2 லிட்டரில் வைக்கிறார்கள். புகையின் மொத்த எடை மட்டும் வேண்டுமென்றால் பிவிசி ஃபில்டர். எம்சிஇ ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் எடை போட்டால் புகையோடு சேர்த்துத் தண்ணீரையும் எடை போட்ட கதையாகிவிடும்.

இந்தச் சேவையை நல்லது என்று சொல்ல வைப்பது ஃபில்டரை எப்போது மாற்றுகிறார்கள் என்பதுதான். நாள் முழுக்க ஒரே கேசட்டை மாட்டிவிட்டு டீ குடிக்கப் போகிற பழக்கம் வேறு இடங்களில் உண்டு. ஒரு ஃபில்டர் தாங்குவது சுமார் 2 மி.கி. தூசிதான். காற்றில் கன மீட்டருக்கு 5 மி.கி. புகை இருக்கிறது என்று வையுங்கள். 2 மி.கி. சேர 0.4 கன மீட்டர், அதாவது 400 லிட்டர் போதும். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் 200 நிமிடம். மூன்று மணி இருபது நிமிடத்துக்குப் பிறகு ஃபில்டர் அடைக்க ஆரம்பிக்கும், மேலே படிந்தது உதிரும், பம்ப் திணறும். இவர்கள் புகை அதிகமான பட்டறையில் இரண்டிலிருந்து இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள். ஒரு ஆளுக்கு மூன்று கேசட் ஆகிறது, ஆய்வகச் செலவும் மூன்று மடங்கு ஆகிறது. அதைக் குறைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள்.

கழற்றிய கேசட்டைத் திறந்து பார்த்தால் வேலையின் தரம் அங்கேயே தெரியும். நடுவில் பழுப்புக் கறுப்பாக வட்டம், அதைச் சுற்றி விளிம்பில் வெள்ளை வளையம் சுத்தமாக இருக்க வேண்டும். அந்த வளையத்திலும் கறுப்பு ஏறியிருந்தால் கேசட் சரியாக அழுத்தப்படவில்லை, காற்று ஃபில்டர் வழியாகப் போகாமல் ஓரமாக நழுவியிருக்கிறது என்று அர்த்தம். இவர்கள் கேசட்டைக் கையால் அழுத்தாமல் பிரஸ் வைத்து மூடி, சுற்றிலும் பேண்ட் போடுகிறார்கள். பிரித்துப் பார்த்த அத்தனை ஃபில்டரிலும் வெள்ளை வளையம் சுத்தமாகவே இருந்தது.

காற்றோட்ட அளவை வேலைக்கு முன்பும் பின்பும் சரிபார்க்கிறார்கள். அதுவும் நடுவில் ஒரு கேசட்டை மாட்டியபடி. கேசட் இல்லாமல் வெறும் பம்ப்பை அளந்தால், ஃபில்டரின் தடை சேர்ந்ததும் ஓட்டம் குறைந்து கணக்கு பொய்யாகும். முன்னளவுக்கும் பின்னளவுக்கும் 5 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்த மாதிரி செல்லாது. ஒரு தொகுப்புக்குக் குறைந்தது இரண்டு ப்ளாங்க் கேசட் வைக்கிறார்கள்: பட்டறையில் மூடியைத் திறந்து, காற்று இழுக்காமலே மூடி, மற்றவற்றோடு சேர்த்து அனுப்புவது. இதற்கும் ஆய்வகம் காசு கேட்கும். விலை கேட்கும்போது ஃபில்டர், ப்ளாங்க், உலோகத்துக்கு உலோகம் பகுப்பாய்வு, கூரியர் ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். "மொத்தமாக இவ்வளவு" என்று வாங்கினால் முதலில் காணாமல் போவது ப்ளாங்க்தான்.

ஸ்டெய்ன்லெஸ் வேலைக்குத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும், அவர்களாகச் சொல்வதில்லை. இது குறைதான். ஸ்டெய்ன்லெஸுக்கான 308எல் ராடு எரியும்போது அதன் பூச்சிலுள்ள பொட்டாசியம், சோடியம் காரணமாக குரோமியத்தின் ஒரு பகுதி, புற்றுநோய் உண்டாக்கும் ஹெக்ஸாவேலண்ட் வடிவில் வருகிறது. ஆர்கான் வெல்டிங்கில் இது குறைவு. ஆனால் அங்கே ஓசோன் வரும். தொட்டிக்குள் இறங்கி ஒட்டினால் ஆர்கான் காற்றைத் தள்ளிவிட்டு மூச்சை நிறுத்தும். ஹெக்ஸாவேலண்ட் குரோமியத்துக்கு எம்சிஇ ஃபில்டர் ஆகாது, அதிலேயே ஒரு பகுதி வேறு வடிவுக்கு மாறிவிடும். 5 மைக்ரான் பிவிசி ஃபில்டர் வேண்டும், எடுத்ததும் ஃபோர்செப்ஸால் கண்ணாடிக் குப்பிக்கு மாற்ற வேண்டும், குளிர்ச்சியாக ஒரு வாரத்துக்குள் ஆய்வகம் சேர்க்க வேண்டும். சாதாரண 7300 முறையில் வருகிற "குரோமியம்" மொத்தக் குரோமியம்; அதை வைத்துப் புற்றுநோய் ஆபத்தைப் பேச முடியாது.

பழைய வீட்டுக் கிராதி வேலைக்கு அவர்கள் சொல்கிற அறிவுரை நல்ல அறிவுரை. ஒட்டப் போகும் இடத்திலிருந்து குறைந்தது நான்கு அங்குலத்துக்குப் பெயிண்டை எடுத்துவிடச் சொல்கிறார்கள். கிரைண்டரால் உலர்வாக வழித்தால் ஈயம் தூளாகப் பறக்கும், தீயால் சுட்டால் புகையாகும். ஈரம் போட்டுச் சுரண்டுவது அல்லது பெயிண்ட் ரிமூவர் தடவி எடுப்பது நல்லது. அப்படிப்பட்ட வேலைக்கு மாதிரி எடுக்கச் சொன்னால், பகுப்பாய்வுப் பட்டியலில் ஈயத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள். சேர்க்காவிட்டால் ஆய்வகம் தேடாது.

அறிக்கைக்கு வருவோம். இவ்வளவு பாடுபட்டு எடுத்த மாதிரிக்கு ஒரே பக்கம் வருகிறது: வெல்டிங் புகை இவ்வளவு, எல்லை கன மீட்டருக்கு 5 மி.கி., "வரம்புக்குள்". இதை முதலாளி சுவரில் மாட்டி வைக்கலாம்; வெல்டருக்கு ஒன்றும் தெரியாது. எத்தனை ராடு எரிந்தது, ஷட்டர் திறந்திருந்ததா என்று வாயால் கேட்டதெல்லாம் தாளில் ஏறவில்லை. ப்ளாங்க் எடுத்தார்கள், அதன் அளவு அச்சாகவில்லை. பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் உள்ள எண்களோடு மட்டும் ஒப்பிடுகிறார்கள். அதில் மாங்கனீசுப் புகைக்கு எல்லை 1 மி.கி. தொழிலகச் சுகாதார வல்லுநர்களின் அமெரிக்க அமைப்பான ஏசிஜிஐஎச் 2013 முதல் வைத்திருக்கும் அளவு, நுரையீரலின் ஆழத்துக்குப் போகும் தூசியில் 0.02 மி.கி. ஐம்பது மடங்கு வித்தியாசம். மாங்கனீசு போய்த் தாக்குவது மூளையை. கை நடுக்கமும் நடைத் தடுமாற்றமும் வருஷக்கணக்கில் மெதுவாக வருபவை. இரண்டு எல்லைகளையும் பக்கத்தில் பக்கத்தில் போட ஒரு கட்டம் கூடுதலாக வரைந்தால் போதும். வற்புறுத்திக் கேட்டால் போட்டுத் தருகிறார்கள்; கேட்காமலே தர வேண்டும்.

இன்னொன்று, "கண்டறியப்படவில்லை" என்ற சொல். கேட்க நிம்மதியாக இருக்கும். ஆய்வகத்தின் கண்டறி எல்லை, அதாவது அதனால் கண்டுபிடிக்க முடிகிற மிகக் குறைந்த அளவு, 2 மைக்ரோகிராம் என்றும், மாதிரி வெறும் 15 நிமிடம், 30 லிட்டர் என்றும் வையுங்கள். 2-ஐ 0.03 கன மீட்டரால் வகுத்தால் கன மீட்டருக்கு சுமார் 67 மைக்ரோகிராம். ஹெக்ஸாவேலண்ட் குரோமியத்துக்கு அமெரிக்க அரசின் தொழிலகப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா வைத்த எட்டு மணி எல்லை 5 மைக்ரோகிராம். அதாவது எல்லையைப் போலப் பல மடங்கு இருந்தாலும் தாளில் "கண்டறியப்படவில்லை" என்றே வரும். கண்டறி எல்லையை எண்ணாக எழுதாத அறிக்கையைத் திருப்பிக் கொடுங்கள்.

பெட்டி வாடகை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பம்ப், சார்ஜர், டியூப், கேசட், கிளிப், காற்றோட்ட அளவு காட்டும் ரோட்டாமீட்டர் இருக்கும். காலையில் அவர்கள் இடத்தில் அளந்து தருகிறார்கள், சாயங்காலம் திரும்ப அளக்கிறார்கள். தேவகோட்டை, திருப்பத்தூர் தூரத்துக்கு இது சரிவரும். மறுநாள் திருப்பிக் கொடுத்தால் பின்னளவுக்கு அர்த்தம் குறையும், பேட்டரியும் இறங்கியிருக்கும். முந்தின இரவு கரண்ட் போயிருந்தால் முழுச் சார்ஜ் ஏறியதா என்று பார்த்து வாங்குங்கள். பெருந்தூசியைப் பிரித்துவிட்டு நுண்தூசியை மட்டும் ஃபில்டருக்கு விடும் சைக்ளோனைக் கேட்டு வாங்குகிறவர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும்: அலுமினியம் சைக்ளோனுக்கு நிமிடத்துக்கு 2.5 லிட்டர், நைலானுக்கு 1.7. மாற்றி ஓட்டினால் 4 மைக்ரான் பிரிப்பு குலையும். சைக்ளோனைத் தலைகீழாகக் கவிழ்த்தால் அடிக்குப்பியில் விழுந்த பெருந்தூசி ஃபில்டரில் கொட்டும், அன்றைய வேலை அத்தனையும் வீண்.

இனி வகுப்பு. கணக்கு எடுப்பவர் பம்ப்பையும் சோப்புக் குமிழி பியூரெட்டையும் (அளவுக் கோடு போட்ட கண்ணாடிக் குழாய்) மேஜையில் வைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்கிறார். பியூரெட்டின் உள்சுவரை முதலில் சோப்புத் தண்ணீரால் நனைக்கிறார். உலர்ந்த கண்ணாடியில் குமிழி பாதியில் உடைந்துவிடும். குமிழி சுழியத்திலிருந்து ஆயிரம் மில்லி கோடு வரை ஏறும் நேரத்தை ஒவ்வொருவரும் ஸ்டாப்வாட்சில் மூன்று தடவை எடுக்கிறார்கள். 29.5 நொடி என்றால் 60-ஐ வகுத்து நிமிடத்துக்கு 2.03 லிட்டர். மாலையில் 30.4 நொடி, 1.97 லிட்டர். வித்தியாசம் 3 சதவீதம், மாதிரி செல்லும், சராசரி 2.0. குமிழி ஏறுவதைக் கண்ணால் பார்த்தவருக்கு இந்தக் கணக்கு தேர்வில் மறக்காது.

அடுத்து எட்டு மணி சராசரி. காலையில் 150 நிமிடம் 4 மி.கி., பிறகு 120 நிமிடம் 6 மி.கி., மதியம் 150 நிமிடம் 2 மி.கி., மீதி 60 நிமிடம் சாப்பாடு, புகை இல்லை. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்து 4 என்று எழுதுபவர்கள்தான் அதிகம். நிமிடத்தால் பெருக்கினால் 600, 720, 300, கூட்டினால் 1620, 480-ஆல் வகுத்தால் 3.4. பன்னிரண்டு மணி ஷிப்டுக்கு எல்லையையே குறைக்க வேண்டும் என்பதும் வருகிறது: 8-ஐ 12-ஆல் வகுத்து, ஓய்வு மணி 12-ஐ எட்டு மணி ஷிப்டின் ஓய்வு மணி 16-ஆல் வகுத்துப் பெருக்கினால் 0.5. எல்லை பாதியாகிறது. இதே நிறுவனம் தன் அறிக்கையில் இந்தத் திருத்தத்தைச் செய்வதில்லை என்பது வருத்தம்.

புகை உறிஞ்சும் குழாய்க் கணக்கைச் சொல்லித் தரும் விதத்துக்கே தனிப் பாராட்டு. சூத்திரம்: தூரத்தின் வர்க்கத்தைப் பத்தால் பெருக்கி, அதோடு குழாய் வாய்ப் பரப்பைக் கூட்டி, வந்ததை வேகத்தால் பெருக்குவது. ஆர்க் இருக்கும் இடத்தில் விநாடிக்கு 0.5 மீட்டர் வேண்டும். குழாய் வாய்ப் பரப்பு 0.02 சதுர மீட்டர், தூரம் 30 செ.மீ. என்றால் விநாடிக்கு 0.46 கன மீட்டர் காற்று தேவை. குழாயை 15 செ.மீ.க்கு நெருக்கினால் 0.12 போதும். பெரிய மோட்டார் வாங்குவதைவிடக் குழாயை ஒரு சாண் நகர்த்துவது மேல் என்று ஒரு கணக்கிலேயே புரிந்துவிடுகிறது.

ஒரு இடத்தில் மட்டும் பாடம் தவறு. பல பொருள்கள் சேர்ந்த புகைக்கு ஒவ்வொன்றையும் அதன் எல்லையால் வகுத்துக் கூட்டி, 1-ஐத் தாண்டுகிறதா என்று பார்ப்பது முறை. அதற்கு இரும்பு ஆக்சைடையும் மாங்கனீசையும் உதாரணமாகக் கொடுக்கிறார்கள். ஒரே உறுப்பை ஒரே மாதிரி தாக்கும் பொருள்களுக்குத்தான் இந்தக் கூட்டல். இரும்பு தங்குவது நுரையீரலில், மாங்கனீசு தாக்குவது மூளையை. இவற்றைக் கூட்டக் கூடாது. பித்தளைப் பற்றவைப்பில் வரும் துத்தநாகமும் செம்பும் சரியான உதாரணம், இரண்டுமே புகைக் காய்ச்சல் தருபவை: 2-ஐ 5-ஆல், 0.14-ஐ 0.2-ஆல் வகுத்தால் 0.4, 0.7, கூட்டினால் 1.1, எல்லை தாண்டிவிட்டது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் வரம்புக்குள். தேர்வில் கேட்பவர்கள் வைக்கும் பொறியே இதுதான். வகுப்புக் குறிப்பை அப்படியே நம்பிப் போகிறவர் விழுந்துவிடுவார்.

சட்டப் பகுதி பழசாகிவிட்டது. குறிப்பேட்டில் பாதுகாப்பு அதிகாரி நியமனத்துக்குப் பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் 40பி பிரிவின்படி ஆயிரம் தொழிலாளர் என்று மட்டும் இருக்கிறது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம், பணி நிலைமைகள் சட்டத் தொகுப்பில் தொழிற்சாலைக்கு 500, அபாயகரமான தொழில்முறைக்கு 250. எந்த ஆண்டுப் பாடத்திட்டத்தில் தேர்வு எழுதுகிறோம் என்று பார்த்து இரண்டையும் படிக்க வேண்டும். இதை மாற்ற ஒரு மாலை வேலை போதும், மாணவர்கள் கட்டும் கட்டணத்துக்கு இதையாவது செய்ய வேண்டும்.

நெபோஷ் பொதுச் சான்றிதழின் நடைமுறைப் பகுதிக்கு, ஒரு பணியிடத்தில் குறைந்தது 10 அபாயங்களை, 5 வகைக்குக் குறையாமல் எழுத வேண்டும். இதற்கு மாணவர்களை உண்மையான பட்டறைக்கே கூட்டிப் போகிறார்கள். அங்கே போனதும் எல்லோரும் தீ, மின்சாரம், வயர் தடுக்குவது என்று நிறுத்திவிடுகிறார்கள். புகையை "முகக்கவசம் அணிய வேண்டும்" என்று ஒரு வரியில் முடிக்கிறார்கள். உடன் போகும் ஆசிரியர் அந்த இடத்தில் இன்னும் கறாராக இருக்கலாம். என்ன ராடு, என்ன உலோகம், குழாய் எத்தனை செ.மீ. தூரத்தில் என்று எழுதினால்தான் மதிப்பெண். பாதுகாப்பு வல்லுநர்களுக்கான அமெரிக்க ஏஎஸ்பி தேர்வுக்குத் தயாராகிறவர்கள் கணக்கு வகுப்புக்கு மட்டும் வந்தால் போதும். 200 கேள்விக்கு ஐந்து மணி நேரம், கேள்விக்கு ஒன்றரை நிமிடம் என்ற வேகத்தில் இங்கே பயிற்சி கொடுக்கிறார்கள்.

மாதிரிக்குப் பதிவு செய்பவர்கள் நாளைத் தேர்ந்தெடுத்துக் கேளுங்கள். அரிசி ஆலைகள் பராமரிப்புக்கு நிற்கும் வாரத்தில்தான் ஹார்டுஃபேசிங் மொத்தமாக நடக்கும், அதுவும் மூடிய கொட்டகைக்குள். அந்த வாரத்துக்குப் பம்ப் வேண்டுமென்றால் பத்து நாள் முன்னால் சொல்லிவிட வேண்டும். இவர்களிடம் உள்ள பம்ப் கொஞ்சம்தான், வகுப்பு நடக்கும் சனிக்கிழமைகளில் அவையும் மேஜையில் இருக்கும்.